பாப்பாயி சொன்ன ஊர்ச்சேதி

கோயமுத்தூரில் ரயில் பாதைக்கு வடக்கே இருந்த ஒரு பழைய தோட்டத்தை நகரசபை வாங்கிப் பூங்காவாக்கியபோது, நடுவிலிருந்த பெரிய கிணற்றை மூடாமல் விட்டுவிட்டார்கள். பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு அதில் ஒரு மோட்டாரும் வைத்தார்கள். அதனால் அந்த இடத்துக்குக் கிணற்றுப் பூங்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை பாப்பாயிக்கு. காலையில் நகரசபைக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் குரோட்டன்ஸ் செடிகளுக்கும் அவள்தான் தண்ணீர் விடுவாள்.

அன்னூருக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். தொடர்ந்து மழை பொய்த்ததில், புருஷனோடு டவுனுக்கு வந்து மில்லுக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டில் குடியேறினாள். தண்ணீர் இல்லாத காட்டிலிருந்து வந்தவளுக்கு நாளெல்லாம் தண்ணீர் விடுகிற வேலை கிடைத்தது அவளுக்கே ஆச்சரியம். ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்து, புல்லின் மேல் தண்ணீரை விசிறிக்கொண்டு மெய்மறந்து நிற்பாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தத் தூறலைத் தூக்கி அவள் முகத்திலேயே அடிக்கும். பக்கத்து மில்லிலிருந்து பறந்து வரும் பஞ்சு அவள் தலைமயிரில் ஒட்டிக்கொள்ளும். பூங்காவுக்கு வருகிறவர்கள் கூப்பிட்டால்கூட இரண்டாவது தடவைதான் திரும்புவாள்.

முப்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் அந்தப் பூங்காவில் நகரசபை ஒரு ரேடியோ வைத்தது. எட்டுத் தூண்கள் உள்ள சிறு மண்டபம் ஒன்றைக் கட்டி, உள்ளே பெட்டியை வைத்துப் பூட்டி, மேலே வாய் அகன்ற ஒலிபெருக்கியை மாட்டினார்கள். சேர்மன் வரதராஜுலு மாலை மரியாதையோடு திறந்து வைத்தார். நகரசபையில் மின்சார வேலை பார்க்கும் யூனுஸ் தினமும் பொழுது சாயும் நேரத்தில் வந்து பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் பூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். நிதானமான குரல். கூட்டம் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டது. பாப்பாயி குழாயைக் கீழே போட்டுவிட்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எத்தனை ஊர் தாண்டி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சேலத்து மலைகளைத் தாண்டி, பவானி ஆற்றின் மேலாக, சோளக்காடுகளின் மேலாகத் தனியாக வந்து, கடைசியில் இந்தக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வருகிறது. வழியில் அதற்குக் குளிராதா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அன்று கூட்டம் கலைந்த பிறகு யூனுஸிடம், அந்த அம்மாள் பேசுவது அந்த அம்மாளின் வீட்டுக்காரருக்கும் கேட்குமா என்று விசாரித்தாள். ரேடியோ இருந்தால் கேட்கும் அக்கா என்றான் அவன். பாப்பாயி பெருமூச்சு விட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தம்பிதுரை நூல் மில்லில் வேலை செய்தான். ஓயாத மிஷின் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகிவிட்டது. கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் அவனுக்கு வெறும் இரைச்சல்தான். ரேடியோவும் அப்படியே. எதிரே உட்கார்ந்து, வாயைப் பார்க்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி உரக்கச் சொன்னால் மட்டும் புரியும். ஊரில் அப்படிச் சொல்லப் பொறுமை உள்ளவள் பாப்பாயி ஒருத்திதான். வருஷக்கணக்காக அவனுக்காகப் பேசிப் பேசி அவள் பேச்சே அப்படி ஆகிவிட்டது. ஒரு எழுத்தும் மழுங்காது. அவசரம் இருக்காது. வார்த்தைகளைத் தண்ணீரில் கழுவி எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும்.

தினமும் வீட்டுக்குப் போனதும், ரேடியோவில் கேட்டதையெல்லாம் அவனுக்குச் சொல்வாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். லைன் வீட்டுச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். ஒருநாள் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் தம்பிதுரை, "நம்மூரைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா அந்தம்மா?" என்று கேட்டான்.

"இல்லீங்க."

"அவங்களுக்கு ஆரு போய்ச் சொல்லுவாங்க, பாவம்" என்றான் அவன்.

அந்தப் பேச்சு பாப்பாயியின் மனத்தில் தங்கிவிட்டது. மறுநாள் தண்ணீர் விடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் நடப்பது அவள் காதில் எவ்வளவோ விழுந்தது. எந்தத் தெருவில் புதிதாகக் குழாய் போடுகிறார்கள், கோனியம்மன் தேர் எந்த வழியாகச் சுற்றும், மாதர் சங்கத்தில் என்றைக்குத் தையல் சொல்லித் தருகிறார்கள், போத்தனூரில் ரயில்வே தொழிலாளர்கள் போடப்போகும் நாடகம் எது. அன்றிலிருந்து சென்னைச் சேதியைச் சொல்லி முடித்த பிறகு, ஊர்ச்சேதியையும் அதே நிதானத்தோடு புருஷனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் முகம் அதைக் கேட்கும்போதுதான் அதிகமாக மலர்ந்தது.

சித்திரையில் ஒரு நாள் மலைப்பக்கம் கோடை இடி இடித்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் கரகரவென்ற சத்தத்தைத் தவிர எதுவும் வரவில்லை. யூனுஸ் பெட்டியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டான். கூட்டம் போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அன்று தம்பிதுரைக்குக் காலை ஷிப்ட். வேலை முடிந்து, பெண்சாதியை அழைத்துப் போகலாமென்று பூங்காவுக்கு வந்திருந்தான். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன், ரேடியோ ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டான். கூட்டத்தின் ஓரத்தில் நின்றபடி, அந்தக் கோடியில் மண்டபத்தருகே நின்ற பாப்பாயியைப் பார்த்து, என்ன சொல்கிறது என்று கையால் கேட்டான்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள் அவள், அவனிடம் பேசும் வழக்கமான உரத்த குரலில். நிசப்தத்தில் அது பூங்கா முழுவதும் கேட்டது. அவன் முகம் வாடிப்போவதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. கூட்டம் இருப்பதே மறந்துபோனது.

"சிறுவாணித் தண்ணி நாளைக்கு வெள்ளன வருமுங்க. மேட்டுத் தெருவுல குழாய் ரிப்பேர், அதனால அங்க மத்தியானந்தான் வரும். மாதர் சங்கத்துல கனகத்தம்மா தையல் மிஷின் வாங்கியிருக்காங்க, கத்துக்கறவங்க வெள்ளிக்கிழமை வரலாமுங்க. அன்னூர்ல நேத்து நல்ல மழைங்க. கொளம் பாதி ரொம்பியிருக்குதாம்."

சொல்லி முடித்த பிறகுதான், எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அன்னூருக்கு அக்கட்டப் பக்கமும் மழையுங்களா அம்மணி?" என்று கேட்டார். அவருடைய மகளை அங்கே கட்டிக்கொடுத்திருந்தது.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ரேடியோ முடிந்து யூனுஸ் பெட்டியை மூடினாலும் ஜனங்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பாப்பாயி மண்டபத்தின் படியில் ஏறி நிற்பாள். தம்பிதுரை வந்திருந்தால் அவனைப் பார்த்துச் சொல்வாள். வராவிட்டால் அவன் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வாள். மார்க்கெட்டுக்காரர்கள், மில் பெண்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் பகலில் அவளிடம் வந்து சேதி சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணம், ஒருவர் தொலைத்த எருமை, மசூதித் தெருவில் கந்தூரி விருந்து. தங்கள் தெருவின் பெயர் அவள் வாயிலிருந்து வரும்போது, அந்தத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சாயங்கால வெளிச்சத்தில், மஞ்சள் பூத்த கொன்றை மரத்தடியில், ஊரே தன்னைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்வது போலிருந்தது. பாப்பாயிக்கு அது நடப்பது நிஜந்தானா என்றே சில நாட்களில் சந்தேகம் வரும். சென்னையில் பேசும் அந்த அம்மாளைத் தன் அக்கா என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா தூரத்துச் சேதி சொல்கிறாள், தான் பக்கத்துச் சேதி சொல்கிறாள்.

இப்படி மிதந்துகொண்டிருந்தவள் ஒரு நாள் தரையில் விழுந்தாள்.

ஆனி மாதம் ஒரு காலை, நகரசபைக் கட்டடத்தில் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, கவுன்சிலர் ஒருவர் வராந்தாவில் நின்று நண்பரிடம், அடுத்த வாரத்திலிருந்து சந்தை ரயில் பாதைக்கு அந்தப் பக்கந்தான், முடிந்துபோன விஷயம் என்று சொல்வது காதில் விழுந்தது. பாப்பாயி அன்று சாயங்காலமே அதைப் பூங்காவில் சொல்லிவிட்டாள். உண்மையில் அது அந்தக் கவுன்சிலருடைய ஆசை. மறுநாள் நடந்த நகரசபைக் கூட்டத்தில் அதற்கு ஆதரவு கிடைக்காமல் போனது. இடம் மாறவே இல்லை; அது பாப்பாயியின் காதுக்கு எட்டவும் இல்லை.

சந்தை நாளன்று வியாபாரிகளில் பாதிப் பேர் பழைய இடத்துக்கும் பாதிப் பேர் பாதைக்கு அப்பாலிருந்த பொட்டல் காட்டுக்கும் போனார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஆறுச்சாமி என்பவர் வண்டி நிறைய கோஸும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் பொட்டலில் வந்து நின்றார். வெயில் ஏறும் வரைக்கும் வாங்க ஆள் வரவில்லை. விஷயம் தெரிந்து வண்டியைத் திருப்புவதற்குள் காய் வாடிவிட்டது.

பாப்பாயிக்குச் சேதி எட்டியதும் குழாயைப் போட்டது போட்டபடி சந்தைக்கு ஓடினாள். தொட்டியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார் ஆறுச்சாமி. அவள், தான் இன்னார் என்று சொல்லிவிட்டு, "நாந்தானுங்க அதைச் சொல்லிப்போட்டேன்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் போனேனுங்க அம்மணி. வேற ஆராச்சும் சொல்லியிருந்தா ஒரு வார்த்தை விசாரிச்சிருப்பேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அங்கிருந்து நேரே நகரசபைக்குப் போனாள். அவளுக்கு ஆள் அனுப்ப இருந்த சேர்மன் வரதராஜுலு, அவளே வந்து நிற்பதைப் பார்த்து, கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு, "நகரசபை முடிவு பண்றதுக்கு முன்னாடியே நீ சொல்லிப்போட்டா, அப்புறம் நகரசபை எதுக்கும்மா?" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவள், தப்புத்தானுங்க என்றாள். இனிமேல் பூங்காவில் அப்படி நின்று பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ரேடியோ முடிந்ததும் யூனுஸ் விளக்கை அணைத்துவிடுவான். ஜனங்கள் சற்று நேரம் இருட்டிக்கொண்டு வரும் புல்லில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். பாப்பாயி கொன்றை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. தம்பிதுரை அவள் வாயைப் பார்த்துக் காத்திருப்பான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கனவில் அடிக்கடி பொட்டல் காடு வந்தது. அதில் நிறைய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வண்டிக்காரரும் மிகவும் மரியாதையாக அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆடி கழிவதற்குள் மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. பிளேக்கைப் பார்த்த ஊர் அது. நகரசபை எல்லோருக்கும் ஊசி போடத் தயாரானது. தண்டோரா போட்டார்கள். தண்டோராச் சத்தம் கேட்டதுமே பாதி வீடுகள் பூட்டிக்கொண்டன. ஊசி போட்டால் கை விளங்காமல் போய்விடும் என்றும், மயங்கி விழுந்தவரை வீட்டாரிடம் சொல்லாமல் கொண்டுபோய்விடுகிறார்கள் என்றும் வதந்தி கிளம்பியது. ஊசி போடும் கொட்டகையில் டாக்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாலை வரதராஜுலு தனியாகப் பூங்காவுக்கு நடந்து வந்தார். பாப்பாயி கிணற்று மேட்டில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தண்டோராவை ஒருத்தரும் நம்பவில்லை என்றார் அவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ சொன்னா கேப்பாங்கம்மா" என்றார்.

"என்னை நம்பித்தானுங்க ஐயா ஆறுச்சாமி பொட்டலுக்குப் போனாரு" என்றாள் பாப்பாயி.

வரதராஜுலு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். இந்தத் தடவை கேள்விப்பட்டதைச் சொல்ல வேண்டாம், நீயே பார்த்துவிட்டுச் சொல் என்றார். அவள் யோசித்து, நாளைக் காலையில் தானே போய் ஊசி போட்டுக்கொள்வதாகவும், என்ன ஆகிறதோ அதைத்தான் சொல்லுவேன் என்றும், கெடுதலாக இருந்தால் அதையும் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னாள். அவர் சரி என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் மறுபடி மண்டபப் படியில் ஏறினாள். முதலில் சந்தை விஷயத்தைச் சொன்னாள். காதில் விழுந்ததை உறுதி பண்ணாமல் சொல்லிவிட்டதாகவும், அதனால் கஷ்டப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். பிறகு ரவிக்கைக் கைக்குக் கீழே வீங்கியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"வெள்ளன ஊசி போட்டுக்கிட்டேனுங்க. குத்துனப்ப எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இப்ப கை நெம்ப வலிக்குது. தூக்க முடியலை. காச்சல் வரும்னு டாக்டர் சொன்னாருங்க. வந்து போயிருமாம். அது நெசமான்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க. நாளைக்கு வந்து சொல்றேன்."

அடுத்த நாள் பூங்காவில் இதுவரை பார்க்காத கூட்டம். ரேடியோ என்ன சொன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோருடைய கண்ணும் படியின் மேலிருந்தது. பெட்டியை மூடியாயிற்று. பாப்பாயி வரவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். யூனுஸ் வாசல் பக்கமாக எட்டி எட்டிப் பார்த்தான்.

அப்போது தம்பிதுரை உள்ளே வந்தான். மில்லில் இருந்து நேராக வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவன். தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி மண்டபத்துக்கு நடந்தான். படியேறித் திரும்பி நின்றான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் எவ்வளவு உரக்கப் பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. முதல் வார்த்தை தேவைக்கு மேல் பலமாக வந்தது.

"அதுக்குக் காச்சலுங்க" என்றான். பிறகு குரலை இறக்கினான். "ராத்திரி நல்லா அடிச்சுது. வெள்ளன கஞ்சி குடிச்சுது. இப்ப கை அசையுதுங்க. நான் பாத்துப்போட்டுத்தான் வாரேன். நாளைக்கு வந்துருமுங்க."

பிறகு சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக் காட்டினான். அங்கேயும் வீக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனும் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பாப்பாயி மறுநாள் வந்தாள். முகம் சற்றுச் சோர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்றும், வாய் மட்டும் கசக்கிறது என்றும் சொன்னாள். அதற்கடுத்த காலையில் கொட்டகை வாசலில் மார்க்கெட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். பின்னாலேயே மில் பெண்கள். ஆறுச்சாமிகூட வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வரிசையில் நின்றார். அந்த வருஷம் ஊரில் பிளேக் தலைதூக்கவில்லை. ஊசியாலா, எலி பிடித்ததாலா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். பாப்பாயியைக் கேட்டபோது, அது எனக்குத் தெரியாதுங்க என்றாள்.

அன்று முதல் அவள் படியில் நிற்பதை யாரும் தடுக்கவில்லை. நகரசபைக் கூட்டம் முடிந்ததும் வரதராஜுலுவே வராந்தாவுக்கு வந்து, முடிவானது எது, முடிவாகாதது எது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார். முடிவாகாததை அவள் சொல்ல மாட்டாள். ஜனங்கள் வற்புறுத்திக் கேட்டால், இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

புரட்டாசி வருவதற்கு முன்னாலேயே சீமையில் சண்டை மூண்டுவிட்டது. ரேடியோவில் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களாக வந்துகொண்டிருந்தன. சென்னைக் குரல் மாறாத நிதானத்தோடு, எத்தனையோ கடலுக்கு அப்பால் விழும் குண்டுகளைப் பற்றிச் சொன்னது. ஜனங்கள் குளிர்ந்த புல்லில் ஒருவரோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்து கேட்டார்கள். மலைப்பக்கம் மேகம் இறங்கி, மண்டபத்து விளக்கைச் சுற்றி ஈரம் புகை போல் நின்றது. சேதி முடிந்ததும் ஒருவர், சண்டை நம் பக்கம் வருமா என்று பாப்பாயியைக் கேட்டார். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"தெரியலீங்க" என்றாள். பிறகு பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த யூனுஸின் பக்கம் திரும்பினாள்.

"நம்ம யூனுஸ் தம்பி ஊட்டுல நேத்து சாயந்தரம் பொட்டப் புள்ள பொறந்திருக்குதுங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. நான் போய்ப் பாத்துட்டேன்."

யூனுஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கத்தோடு மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தான். கூட்டம் முழுவதும் எழுந்து அவனைத் தேடிக்கொண்டு போனது.